பயணிக்குக் காயமில்லை

இந்த வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே உங்களுக்கு ஒன்று பிடிபட்டிருக்கும். சனம் உங்களைக் கண்டு பயப்படும். நீங்கள் பொலிஸ் இல்லை, நீதவான் இல்லை. வாகனம் அடிபட்டால் போய்ப் பார்த்து, படம் எடுத்து, சேதம் என்னவென்று காப்புறுதிக் கொம்பனிக்கு எழுதி அனுப்புகிற மதிப்பீட்டாளர், அவ்வளவுதான். ஆனால் ரோட்டோரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? கழுத்தில் அட்டையும் கையில் பேனையும் கண்டால் போதும், ‘சேர், சேர்’ என்று பின்னால் வருவான். அந்தப் பயம் ஆரம்பத்தில் கொஞ்சம் இனிக்கும். எனக்கு இனித்தது. அதை ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மருதமுனையிலிருந்து கோமாரி வரைக்கும் இருபத்தெட்டு வருஷம் மோட்டார் சைக்கிளில் அலைந்தவன் நான். சேதத்தை எப்படி அளப்பது, அறிக்கையை எந்தப் படிவத்தில் எழுதுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. நான் சொல்ல வந்தது ஒரேயொரு வரியைப் பற்றி. என் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்த வரி.

ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷத்துக்கு முன்பு நடந்தது. காலை பத்தரை மணியிருக்கும். நிந்தவூரைத் தாண்டி ஒலுவிலுக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் வயலாக இருக்கிற இடத்தில், ஓர் ஓட்டோ மதகின் கட்டுச் சுவரில் அடித்துவிட்டது என்று அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் முன்சில்லு உள்ளே மடங்கிக் கிடக்கிறது. ஓட்டியவர் றிஸ்வான், முப்பது வயதுக்காரர். பாலமுனையில் பிறந்து சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில், மனைவியின் தாயான மாமியோடு ஒன்றாக இருப்பவர்.

வழக்கம் போல ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். வழக்கம் போல யாருடைய பிழை என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆர்ர பிழை?”

“மாடு சேர்,” என்றார் றிஸ்வான் என்னைப் பார்த்து. கேட்டவர்கள் அவர்கள், பதில் எனக்கு. “வயலுக்குள்ள இரிந்து ஒரே பாய்ச்சல். நான் பிறேக் அடிச்சன், மறுகா ஹேண்டில் என்ட கையில இல்ல.”

“வேகமா வந்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல சேர். அல்லாஹ் மேல சத்தியமா இல்ல.”

“உள்ளுக்க ஆரும் இரிந்தாக்களா?”

“மாமி மட்டுந்தான் சேர். அவக்கு ஒண்டுமில்ல.”

ஓட்டோவின் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண், மடியில் சாரத் துணிகள் கட்டிய பொதியோடு, மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பெயர் பரீதா. மருதமுனைத் தறிச் சாரங்களை எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பவர், கணவர் இல்லாதவர் என்று றிஸ்வான் சொன்னார். நான் கிட்டப் போகவில்லை. அந்நிய ஆம்பிளை, அதுவும் நடுரோட்டில், போய் நின்று ஒரு பெண்ணிடம் ‘எங்கே நோகிறது’ என்று கேட்பதா என்று நினைத்தேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

மரியாதை பாதிதான். மீதியைச் சொன்னால் வெட்கம். பயணிக்குக் காயம் என்று எழுதினால் பொலிஸ் முறைப்பாடு வேண்டும், வாக்குமூலம் வேண்டும், படிவங்கள் வேண்டும், அன்றைய பகல் அதோடு போய்விடும். அக்கரைப்பற்றில் இன்னொரு வாகனம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ‘ஒண்டுமில்ல’ என்ற அந்தச் சொல் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

சொந்தக்காரர் ஒருவர் வேறொரு ஓட்டோ கொண்டுவந்தார். பரீதா மிக மெதுவாக இறங்கினார். வயது போன ஆள், மெதுவாகத்தானே இறங்குவார் என்று நினைத்தேன். என்னைவிட ஏழு வயது இளையவர் என்பது பிறகுதான் தெரியும். அவர் போன பின் ஓட்டோவின் உள்பக்கத்தையும் படம் எடுத்தேன். சாரதியின் இருக்கைக்குப் பின்னால் பயணிகள் பிடித்துக்கொள்கிற குறுக்குக் கம்பி வளைந்து, ஒரு பக்கத்து ஆணி கழன்று நின்றது. ‘கம்பி, மாற்ற வேண்டும்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுதினேன்: ‘பயணி ஒருவர். காயமில்லை.’ கையெழுத்தும் வைத்து, படம் பிடித்து, அங்கே நின்றபடியே போனில் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன், றிஸ்வானின் அழைப்பு வந்தது. குரலை வைத்து ஆளை அடையாளம் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“சேர், ஒரு உதவி செய்ய வேணும். காலம்புற நடந்ததப் பத்தி ஆரும் கேட்டா ஒண்டும் கதைக்காதீங்க. ஏலுமெண்டா அந்த அறிக்கையையும் இல்லாமச் செய்ங்க. ஓட்டோவ நானே செஞ்சி எடுக்கன், காசு ஒண்டும் வேணா.”

“என்ன நடந்த?”

“மாமிக்கு வயித்துக்குத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திரிக்கம்.” கொஞ்சம் நிறுத்தினார். “கிணத்தடியில வழுக்கி விழுந்த எண்டு சொல்லியிரிக்கம்.”

“ஆர் அப்படிச் சொல்லச் சொன்ன?”

“மாமிதான் சேர். மருமகன் பொலிசுக்குப் போகக் கூடாதாம். என்ட மகள்ற வாழ்க்க எண்டு அழுறா. வாகனத்துல அடிபட்ட எண்டு ஒரு சொல்லுச் சொன்னா ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்திருமே சேர். மாமிய அடிச்சிப் போட்டான் எண்டு ஊரே கதைக்கும்.”

போனை வைத்தேன். அந்த நேரம் எனக்கு யாரைப் பற்றிப் பயம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெண்ணைப் பற்றி என்று சொன்னால் நான் பொய்யன். எனக்கு வந்தது என்னைப் பற்றிய பயம். காயமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். அந்த மனுஷிக்கு ஏதும் ஆகிவிட்டால் ‘நீ என்ன பார்த்தாய்’ என்று என்னைத்தான் கேட்பார்கள். கொம்பனியின் பட்டியலிலிருந்து என் பெயரை வெட்டிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்தான். ஆனால் வாசலுக்கு முன்னால் இருந்த வாகை மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் கொழும்பில் இருந்த மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன். நல்ல மனுஷன், கெட்டிக்காரன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க காயமில்லன்னு எழுதி அனுப்பிட்டீங்க,” என்றார். “அவங்களும் கிணத்தடியில விழுந்ததா சொல்றாங்க. ரெண்டும் ஒத்துப் போகுதுதானே. நீங்க ஏன் நடுவுல போறீங்க? பேசாம வீட்டுக்குப் போங்க.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் சொன்ன பொய்யும் நான் எழுதிய பொய்யும் அவ்வளவு அழகாகப் பொருந்தின. இனி யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள். டொக்டர்மாரும் தோண்ட மாட்டார்கள்.

அறிக்கையை இன்னொரு முறை பார்ப்போம் என்று போனைத் திறந்தேன். வளைந்த கம்பியின் படம் வந்தது. காலையில் அந்தக் கம்பியை நான் நன்றாகப் பார்த்தவன். அது எவ்வளவு வளைந்திருக்கிறது, புதிதாகப் போட வேண்டுமா, நிமிர்த்தினால் போதுமா என்று யோசித்தவன். மதகில் அடித்தது முன்சில்லு. இந்தக் கம்பியோ சாரதிக்குப் பின்னால், உள்ளே இருக்கிறது. அதை வெளியிலிருந்து எதுவும் தொடவில்லை. பிறகு எது வளைத்தது? இரும்பு தானாக வளையுமா? அது சரியாக ஒரு மனுஷியின் வயிற்று உயரத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

மரத்தடியில் நான் நின்றது பத்து நிமிஷம் இருக்கும். முதல் பிழையைக்கூட நான் ஓரளவுக்கு மன்னித்துவிட்டேன். அந்தப் பத்து நிமிஷத்தை மன்னிக்க முடியவில்லை.

உள்ளே ஓடினேன். விபத்துப் பிரிவுக்கு வெளியே றிஸ்வான் நின்றார். என்னைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

“சேர், ஏன் இஞ்ச வந்த நீங்க?” கையை நீட்டி வழி மறித்தார். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திரும்பிப் போங்க.”

“தம்பி, அவ கம்பியில அடிபட்டவ. வயித்துக்குள்ள ரெத்தம் போகுதோ தெரியா. டொக்டருக்கு அது தெரிய வேணும்.”

“வலிக்கு ஊசி போட்டு வெச்சிரிக்காங்க சேர். நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கிறாங்களாம், இடுப்பு எலும்புக்கு.”

“இடுப்பு எலும்புக்கு ஏன்?”

“வழுக்கி விழுந்ததெண்டு சொன்னமே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது. நான் அவரை விலத்திக்கொண்டு போனேன்.

கட்டிலில் பரீதா வெளிறிப்போய்க் கிடந்தார். பக்கத்தில் மகள் விசிறிக்கொண்டிருந்தார். கடமையில் இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். நான் யார் என்று சொன்னேன். காலையில் ஓட்டோ மதகில் அடித்தது, இவர் பின்னால் இருந்தவர், இந்தக் கம்பியில் வயிறு அடிபட்டிருக்க வேண்டும் என்று சொல்லிப் படத்தை நீட்டினேன். கட்டிலில் இருந்து பரீதா தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. எழும்பவும் பார்த்தார், முடியவில்லை.

டொக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். போனை என் கையில் தந்துவிட்டு, பரீதாவின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து மெதுவாக அழுத்தினார். அதுவரைக்கும் ஒரு முனகல்கூட விடாத மனுஷி கத்திவிட்டார். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

“எத்தின மணிக்கு அடிபட்டது?” டொக்டர் என்னைத்தான் கேட்டார்.

“பத்தரை இருக்கும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தாதிமாரைக் கூப்பிட்டார், ஸ்கேன் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார், சத்திரசிகிச்சைக்காரருக்குப் போன் எடுத்தார். அரை மணித்தியாலத்துக்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மகள் என் முன்னால் வந்து நின்று, “உம்மா மௌத்தாப் போனா ஆர்ர பிழை? சொல்லுங்க, ஆர்ர பிழை?” என்று கேட்டார். றிஸ்வான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மாலை மஃரிப் தொழுகை நேரம் வரைக்கும் அந்த நடையில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஸலவாத்து ஓதத் தொடங்கினால் பாதியில் எனக்கு மறந்து போகும், திரும்பத் தொடங்குவேன். கதவு திறந்து சத்திரசிகிச்சைக்காரர் வெளியே வந்தார். மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் நிறைந்திருந்ததாம், எடுத்துவிட்டோம், உயிருக்கு இனிப் பயமில்லை என்றார். “நாளைக் காலம்பரை வரைக்கும் வச்சிருந்தா எக்ஸ்ரே எடுக்க ஆள் உயிரோட இருந்திருக்க மாட்டா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி பின்னால் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்தது. றிஸ்வான் இரண்டு தடவை பொலிசுக்குப் போனார், வழக்கும் வந்தது. பயந்ததில் ஒரு பாதி நடந்ததுதான். அவர் இன்றைக்கு வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நான் இரண்டாவது அறிக்கை எழுதினேன். ‘முதல் அறிக்கை பிழை. பயணியிடம் நான் கேட்கவில்லை’ என்று எழுதினேன். எழுதுவதற்கு ஒரு முழு இரவும் எடுத்தது, எழுதியதோ இரண்டு வசனம். கொம்பனி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. மூன்று மாதம் எனக்குப் புதிதாக ஒரு அழைப்பும் தரவில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். றிஸ்வானின் காப்புறுதிப் பொலிசியில் பயணிகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. எல்லாப் பொலிசியிலும் இருக்காது, இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. ஓட்டியவன் பிழையா, மாட்டின் பிழையா, மாட்டுக்காரன் பிழையா என்றெல்லாம் அந்தப் பகுதி பார்க்காது. ஆள் வண்டிக்குள் இருந்தாரா, காயம் அந்த விபத்தில் வந்ததா, இவ்வளவுதான் அதற்கு வேண்டும். பொலிஸ் வழக்கு சாரதியின் பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், இது பயணியின் உரிமையாக இன்னொரு பக்கம் போகும். இதைக் கேட்டால் சாரதியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவில் ‘கிணத்தடியில் விழுந்தவர்’ என்று இருந்தால் எல்லாம் போச்சு. உயிரும் போகும், உரிமையும் போகும். எங்கள் சனத்துக்கு இது தெரியாது. நட்டஈடு கேட்பதென்றால் யாரோ ஒருவரைக் குற்றவாளியாக்குவது என்றுதான் நினைக்கிறார்கள். மாமி மருமகன் பேரில் வழக்குப் போடுகிறாள் என்று பேச்சு வரும் என்று பயந்து வாயைப் பூட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே தம்பிமார், தங்கச்சிமார், வண்டிக்குள் இருந்த ஒவ்வொருவரிடமும் அவரவர் வாயால் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் ஆம்பிளை சொல்வதைப் பெண்ணின் பதில் என்று எழுதாதீர்கள். நீங்கள் போய்க் கேட்பது சரியில்லை என்று பட்டால் கூட்டத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வையுங்கள். கேட்பதற்கு முதல், பயப்பட வேண்டியதில்லை, பயணிக்குரிய பகுதி யார் பிழை என்று பார்க்காது என்பதைச் சொல்லுங்கள். பயந்தவரிடம் வெறுமனே ‘காயமா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும்.

ஒன்றரை மாதம் கழித்துப் பயணிக்குரிய படிவத்தை நிரப்பச் சாய்ந்தமருதுக்குப் போனேன். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கொம்பனியிடம் சொல்லிப் பார்த்தேன், தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்றுவிட்டார்கள். றிஸ்வான் என்னைக் கண்டதும் வீட்டை விட்டு வெளியே போய்விட்டார். பரீதா கதிரையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றார்.

“காக்கா, ஆர்ர பிழை எண்டு எழுதப் போறீங்க?” இதுதான் அவருடைய முதல் கேள்வி.

“அப்படி ஒரு கேள்வி இதுல இல்ல, தங்கச்சி.”

அவர் நம்பவில்லை. மகளிடம் படிவத்தை வாங்கிக் கொடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசிக்கச் சொன்னார். மகள் வாசித்தார். பெயர், முகவரி, எங்கே இருந்தீர்கள், எங்கே அடிபட்டது, எந்த ஆஸ்பத்திரி. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வாசித்து முடிந்ததும் மகள் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“மருமகன்ட பிழை எண்டு கோட்டுல வந்தாலும்?”

“வந்தாலும் இது உங்களுக்கு உள்ளதுதான். மருமகனுக்கு இதால ஒரு கரைச்சலும் வராது.”

“இது இப்ப புதிசா வந்ததா?”

“இல்ல. பொலிசி எடுத்த நாள்ல இரிந்தே இரிக்கி.”

பரீதா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அண்டைக்கு ரோட்டுல நிக்கக்குள்ளயே உங்களுக்கு இது தெரியுமா காக்கா?”

“ஓம்,” என்றேன். “தெரியும்.”

“தெரிஞ்சிக்கிட்டா சொல்லாம நிண்ட நீங்க?”

அதில் கோபம் இருக்கவில்லை. தெரியாததைக் கேட்கிறவர் கேட்பது போலத்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன். பேனையை நீட்டினேன். அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.